நசரே செல்வோர் கவனத்திற்கு

போர்ச்சுகலின் அட்லாண்டிக் கரையிலுள்ள பழைய மீனவ ஊரான நசரேவுக்குச் செல்வோர் முதலில் பருவத்தைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு எதிரே கடலடியில் ஏறத்தாழ 5,000 மீட்டர் ஆழம் வரை இறங்கும் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால், அதன் வழியே வலுக்குறையாமல் வரும் அலைகள் வடக்குக் கடற்கரையில் மலைபோல் எழுகின்றன. 2020 அக்டோபரில் 26.21 மீட்டர் உயர அலையில் ஒருவர் சறுக்கிச் சாதனை படைத்தது இங்கேதான். அந்தக் காட்சி வேண்டுமானால் அக்டோபர் முதல் மார்ச் வரையும், குடும்பத்தோடு கடலில் குளிக்க வேண்டுமானால் கோடையிலும் செல்லுங்கள். ஆனால் எந்தப் பருவமானாலும் வடக்குக் கரையில் நீரில் இறங்கவே வேண்டாம். குளிப்பதற்கு ஊரை ஒட்டிய கடற்கரையே ஏற்றது, அங்கும் எச்சரிக்கைக் கொடிகளைப் பார்த்தே இறங்குங்கள்.

ரயில் நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளியிருப்பதால், லிஸ்பனிலிருந்து பேருந்தில் வருவதே எளிது. குன்றின் மேலுள்ள சீத்தியு பகுதிக்கு 1889-இல் தொடங்கப்பட்ட இழுவை ரயில் இயங்கினால் அதில் ஏறலாம். அங்கிருந்து கோட்டையும் கலங்கரை விளக்கமும் நடைதூரம்தான்.

என்னைக் கேட்டால், அலைகளுக்கு இணையாகப் பார்க்க வேண்டியது கருவாடு காயும் இடமே. மணலில் வரிசையாக நிற்கும் வலைச்சட்டங்களில், வயிற்றைப் பிளந்து குடல் நீக்கி உப்புநீரில் ஊறவைத்த மீன்களைப் பெண்கள் விரித்துக் காயவைத்து, அங்கேயே விற்கிறார்கள். படம் எடுக்கும் முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். கொஞ்சம் வாங்கினால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும்.