ஜான் குவின்சி ஆடம்ஸைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரலாறு எழுதுபவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். அமெரிக்காவின் 6-ஆவது அதிபரைப் பற்றி வருகிறவற்றில் அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அப்பா ஜான் ஆடம்ஸையும் மகனையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

1829-இல் கதையை முடிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். அண்மையில் வந்த ஒரு கட்டுரை, 1828 அதிபர் தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனிடம் தோற்ற ஆடம்ஸ் ஊர் திரும்பி ஓய்வெடுத்தார் என்று முடிந்தது. கேட்டால், "பதவி போன பிறகு என்ன சார் இருக்கு?" என்றார் எழுதிய தம்பி. பாதிக்கு மேல் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

என்னவா இருக்கிறது? 1831 முதல் சாகும்வரை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரதிநிதியாக, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் இருந்தார். அதிபராக இருந்துவிட்டு அந்த அவைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். அடிமை முறையை எதிர்க்கும் மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவிட வேண்டும் என்று 1836-இல் அவை ஒரு விதி போட்டது. ஆடம்ஸ் விடவில்லை, மனுக்களோடு மறுபடி மறுபடி எழுந்தார். 1842-இல் அவர்மேல் கண்டனத் தீர்மானம் வந்தது. நாட்கணக்கில் அவர் வாதாடியதில் எதிர்த் தரப்பு சோர்ந்துபோய், தீர்மானம் கைவிடப்பட்டது. 1844 டிசம்பரில் அந்த விதியே ஒழிந்தது. இடையில் 1841-இல், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டபோது அமிஸ்டாட் கப்பலில் கிளர்ந்தெழுந்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக 73 வயதில் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார், அவர்கள் விடுதலையானார்கள். 1848 பிப்ரவரியில் அவையிலேயே சரிந்து விழுந்து, இரண்டு நாளில் அதே கட்டிடத்தில் இறந்தார்.

இவ்வளவையும் வெட்டிவிட்டு, காங்கிரஸின் ஆதரவில்லாமல் திணறிய நான்கு வருட ஆட்சியை மட்டும் வைத்து 'தோற்றுப்போன தலைவர்' என்று தீர்ப்பு எழுதுவது பெரிய அநியாயம்.

1824 தேர்தலைத் திருட்டு என்பது

அமெரிக்காவில் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலங்களின் தேர்வாளர்கள். ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்குகள், ஆடம்ஸுக்கு 84. தேவைப்பட்டது 131. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால், அரசியல் சட்டப்படி முடிவு கீழவைக்குப் போனது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 24-இல் 13 ஆடம்ஸுக்கு. அப்புறம் தன்னை ஆதரித்த ஹென்றி கிளேயை அவர் வெளியுறவுச் செயலராக்கியதுதான் ஆதரவுக்குப் பதவி என்று இருவரும் பேரம் பேசினார்கள் என்ற குற்றச்சாட்டைக் கிளப்பியது. அதை ஜாக்சன் தரப்பின் குற்றச்சாட்டாகவே எழுதுங்கள்.

மன்றோ கோட்பாட்டில் அவரை விட்டுவிடுவது

அமெரிக்கக் கண்டங்களின் விவகாரங்களில் ஐரோப்பிய வல்லரசுகள் தலையிடக் கூடாது என்று அதிபர் மன்றோ அறிவித்த கொள்கை இது. அது வந்த 1823-இல் வெளியுறவுச் செயலர் ஆடம்ஸ்தான். அவர் பங்கையும் சேர்த்து எழுதுங்கள்.

நாட்குறிப்பைத் தொடாமல் எழுதுவது

12 வயதில் தொடங்கிய நாட்குறிப்பு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதைப் படியுங்கள்.