சஸ்பென்ஸ் கதைக்கு ஒரு நம்பிக்கைப் பேரேடு

சஸ்பென்ஸ் கதை எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எதை மறைப்பது என்றே முதலில் யோசிக்கிறார்கள். மறைப்பது எளிது, கடைசி அத்தியாயம் வரை ஒரு பெயரைச் சொல்லாமல் இருந்தால் போதும். வாசகரைப் பதற வைப்பதற்கு, யார் எதை நம்புகிறார், யாருடைய சொல் என்ன செய்யும், எவருக்கு எந்த அதிகாரம் எதுவரை செல்லும் என்ற மூன்றையும் கணக்காகப் பிரித்து வைக்க வேண்டும். மனம், மொழி, சமூக உண்மை ஆகியவை குறித்துத் தத்துவ அறிஞர்கள் எழுதியவை இந்தக் கணக்குக்கு நேரடியாக உதவும். பழகிப் பார்க்கச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுத்துக்கொள்ளலாம். நூலின் முன்னுரையான பதிகமே முடிவைச் சொல்லிவிடுகிறது. இருந்தும் அந்தக் காதையின் பதற்றம் குறைவதில்லை.

முதலில் ஒரு நோட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாத்திரங்களின் பெயர்களை ஒரு பக்கமும், அந்தக் காட்சியில் அவரவர் நம்புவதை எதிர்ப்பக்கமும் எழுதி, கடைசி வரியை வாசகருக்கென்று வையுங்கள். 1983இல் ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் என்ற உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு சிறு கதை சொன்னார்கள்: ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறார், திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுகிறார்கள். பிறர் மனத்தில் தவறான நம்பிக்கை இருக்கக்கூடும் என்று உணரும் வயதில்தான் சஸ்பென்ஸைச் சுவைக்கும் தகுதியும் வருகிறது என்பது என் எண்ணம்.

இந்த நோட்டுதான் உங்கள் பேரேடு. அதில் வாசகரின் வரி எப்போது மாறுகிறது என்பதைத் தேதி குறிப்பதுபோல் குறித்துக்கொள்ள வேண்டும். அரசியின் சிலம்பைத் திருடியவன், கண்ணகியின் சிலம்பை விற்கக் கோவலன் அணுகிய அந்தப் பொற்கொல்லனே என்ற செய்தியை, அவன் சொற்படி கோவலன் அருகிலிருந்த கோட்டத்துக்குள் சென்று காத்திருக்கும் வேளையில் இளங்கோ நமக்குத் தருகிறார். கொலைக்குப் பிறகு சொல்லியிருந்தால் அது வெறும் தகவல்; அங்கே சொன்னதால், அதன்பின் வரும் ஒவ்வொரு வரியும் காத்திருப்பவனின் தலைக்கு மேல் தொங்குகிறது.

நம்பிக்கையை எழுதும்போது அது எந்தப் பெயரில் நம்பப்படுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோள். ஆனால் ஒன்றை அறிந்தவர் மற்றதை அறிந்தவராக வேண்டியதில்லை என்பதை 1892இல் தத்துவ அறிஞர் காட்லோப் ஃப்ரேகெ எடுத்துக்காட்டினார். பாண்டியன் கொல்லச் சொன்னது ஒரு கள்வனை, கோவலனை அல்ல. ஒரே ஆள், இரண்டு பெயர்கள். உங்கள் கதையில் இப்படி இரட்டைப் பெயருடைய ஆளோ பொருளோ ஒன்றேனும் இல்லையென்றால், கதையை எழுதத் தொடங்காமல் இன்னும் சில நாள் யோசிப்பது நல்லது.

அடுத்தது மொழி. தத்துவ அறிஞர் ஜே.எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றி, அவர் மறைந்தபின் 1962இல் நூலான சொற்பொழிவுகளின் சாரம், பேசுவதே ஒரு செயல் என்பது. ஆகவே ஒவ்வொரு முக்கிய வசனத்துக்கும் பக்கத்தில், அது ஆணையா, வாக்குறுதியா, எச்சரிக்கையா என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பாண்டியனின் ஆணை நிபந்தனையோடு வருகிறது: அரசியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால், ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’. நிபந்தனை நிறைவேறியதா என்று சரிபார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. ஊடிச் சென்ற அரசியைத் தேடிப் போகும் அவசரத்தில் மன்னன் இருக்கிறான். ‘கொல்ல’ என்று சொல்ல நினைத்தவன் ‘கொன்று’ என்று சொல்லிவிட்டான் என விளக்கும் உரைமரபும் உண்டு. ஒரு சொல் மாறியதில் ஓர் உயிர் போனது என்று அந்த உரைகாரர் கண்டிருக்கிறார்.

சொன்னதற்கும் உணர்த்தியதற்கும் உள்ள இடைவெளியைத் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் விரிவாக ஆராய்ந்தார். புதிதாக எழுதுபவர்கள் வில்லனைப் பொய் சொல்ல வைப்பார்கள். உண்மையைச் சொல்ல வைப்பது அதைவிடக் கொடூரமானது. பொற்கொல்லன் கோவலனிடம், இந்தச் சிலம்பு கோப்பெருந்தேவிக்கு அல்லாமல் வேறு எவருக்கும் பொருந்தாது, நான் அரசரிடம் சொல்லிவிட்டு வரும்வரை என் குடிலருகே இருங்கள் என்கிறான். சொன்னபடியே அரசரிடம் சொல்லவும் செய்கிறான், ஆனால் கோவலனைக் கள்வனாக்கி. விற்பனைக்காகச் சொல்லப் போகிறான் என்று எண்ணிக்கொண்டது கோவலன்தான். உங்கள் வில்லனின் வசனங்களிலிருந்து நேரடிப் பொய்களை எல்லாம் அடித்துவிட்டு, அதே விளைவை உண்மை வாக்கியங்களால் வரவழைக்க முடிகிறதா என்று முயலுங்கள்.

மூன்றாவது கணக்கைப் பலர் போடுவதே இல்லை. தத்துவ அறிஞர் ஜான் சேர்லை, விதிகளைப் பின்பற்றிச் சீன எழுத்துகளுக்குப் பதில் எழுதுபவருக்குச் சீனம் புரிந்துவிடாது என்ற ‘சீன அறை’ வாதத்துக்காகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். கதாசிரியருக்குக் கைகொடுப்பது சமூக உண்மை பற்றி 1995இல் அவர் வெளியிட்ட நூல். ஒரு காகிதம் பணமாவதும் ஒருவர் நீதிபதியாவதும் நாம் கூடி அப்படி ஏற்றுக்கொள்வதால்தான் என்கிறார் அவர். அந்த ஏற்பு எந்த இடத்தில் அறுந்துபோகும் என்று தேடினால் காட்சி கிடைக்கும். ஒருவர் தன் சார்பில் செயல்பட ஒரு முகவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிகிறது. ஆனால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, முகவரைப் பொறுத்தவரை அந்த முடிவு அவருக்குத் தெரிய வரும்போதுதான் நடைமுறைக்கு வருகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திடப் போகும் முகவரின் சட்டைப்பையில், பத்திரம் கொடுத்தவரின் மரணச் செய்தியோடு கைப்பேசி அதிர்கிறது என்று வையுங்கள். எடுத்தால் அவர் அதிகாரம் போகும், எடுக்காவிட்டால் அது நல்லெண்ணமா தந்திரமா என்று வாசகர் குழம்புவார். துப்பாக்கி எதுவும் தேவைப்படவில்லை.

உச்சக் காட்சியை அமைக்கும்போது மூன்று கணக்குகளும் ஒரே வாக்கியத்தில் தீரும்படி முயல வேண்டும். உடைந்த சிலம்பிலிருந்து அரசியின் முத்துக்குப் பதிலாகக் கண்ணகியின் மணி தெறித்ததும் பாண்டியன், ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்கிறான். நம்பிக்கை திருந்துகிறது, கள்வன் என்ற பெயர் ஆள் மாறுகிறது, அரசன் என்ற நிலையை அவன் தன் வாயாலேயே களைகிறான். உங்கள் உச்சக் காட்சி வசனத்தை எழுதியதும் பேரேட்டை எடுத்து, அந்த வசனத்துக்குப் பின் எத்தனை வரிகளை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால், கோளாறு பெரும்பாலும் முதல் பக்கங்களில், யாருக்கும் தனிப் பெயரோ தனி நம்பிக்கையோ தராமல் விட்ட இடத்தில் இருக்கும். அங்கே போய்த் திருத்துங்கள்.