வெளிநாட்டுல ப்ரீபெய்ட் சிம் வாங்கினா, கவுன்ட்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடி வைஃபைய ஆஃப் பண்ணிப் பாருங்க

முதல்ல நான் பண்ண கூத்த சொல்லிடறேன். ஏர்போர்ட்ல இறங்கி, லைன்ல நின்னு, பாஸ்போர்ட் குடுத்து சிம் வாங்கியாச்சு, கவுன்ட்டர்ல இருந்தவரே போட்டும் குடுத்துட்டார், சிக்னல் கோடு நாலும் நிறைஞ்சு நிக்குது, வீட்டுக்கு "வந்து சேந்துட்டேன்"னு மெசேஜும் போயிடுச்சு. வேலை முடிஞ்சுதுன்னு பெட்டிய இழுத்துக்கிட்டு வெளிய வந்தா மேப் சுத்திக்கிட்டே நிக்குது. அப்புறம்தான் புரிஞ்சுது, உள்ள இருந்த வரைக்கும் போன் ஏர்போர்ட் வைஃபைல ஓடிட்டு இருந்திருக்கு, புது சிம்ல டேட்டா ஒரு பைட் கூட வரல. திரும்பி உள்ள போலாம்னா அந்தக் கதவு வெளிய வர்றவங்களுக்கு மட்டும்தானாம், செக்யூரிட்டி விடவே இல்ல.

அதனால இந்த விஷயத்துல பாதி வேலை கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே முடியணும், மீதி கவுன்ட்டர்லயே நின்னு முடியணும்.

வீட்டுல பாக்க வேண்டியது, முதல்ல போன் லாக் ஆகி இருக்கான்னு. கான்ட்ராக்ட்லயோ மாசத் தவணைலயோ ஒரு நெட்வொர்க் கம்பெனிகிட்டயே வாங்கின போன்னா வேற கம்பெனி சிம்ம ஏத்துக்காம இருக்கலாம். ஐபோன்ல செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போனா கேரியர் லாக்னு ஒரு வரி இருக்கும், அங்க நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்னு இருந்தா கவலை இல்ல. ஆண்ட்ராய்டுல போனுக்குப் போன் மெனு மாறும், அதனால தெரிஞ்சவங்களோட வேற கம்பெனி சிம்ம அஞ்சு நிமிஷம் வாங்கிப் போட்டுப் பாத்துடறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. லாக் இருந்தா அன்லாக் பண்ணச் சொல்லி ஊர்லயே கேளுங்க, அது சில நாள் இழுக்கும், அங்க போய் கேட்டா அவ்ளோதான்.

அப்புறம் ரொம்பப் பழைய போனா இருந்தா கொஞ்சம் யோசிங்க. நிறைய நாடுகள்ல 3ஜியவே மூடிட்டாங்க, அமெரிக்காவுல 2022லயே பெரிய கம்பெனிங்க எல்லாம் நிறுத்தியாச்சு, ஆஸ்திரேலியாவுல 2024ல. 3ஜி வரைக்கும் மட்டும் எடுக்கற போன் அங்க வேலைக்கு ஆகாது.

அடுத்தது, பிளாஸ்டிக் சிம்மா இ-சிம்மா? (இ-சிம்னா கைல தர்ற அட்டை இல்ல, போனுக்குள்ளயே டவுன்லோட் பண்ணி ஏத்தற சிம்.) போன்ல *#06# அடிங்க, 15 இலக்க ஐஎம்ஈஐ நம்பரோட (அந்த போனோட அடையாள நம்பர்) இஐடின்னு 32 இலக்கத்துல ஒண்ணு காட்டுச்சுன்னா உங்க போன் இ-சிம் எடுத்துக்கும். ஐபோன்ல 2018ல வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர்ல இருந்து இருக்கு. அமெரிக்காவுல வித்த ஐபோன் 14ல இருந்து சிம் ட்ரேயே கிடையாது, அந்த போன் வச்சிருக்கவங்களுக்கு இ-சிம் மட்டும்தான் வழி.

என் கணக்கு என்னன்னா, ஒரு வாரம் பத்து நாள் போய்ட்டு வர்றதுன்னா டிராவல் இ-சிம்ம ஆன்லைன்ல வாங்கி வீட்டு வைஃபைலயே க்யூஆர் கோட் ஸ்கேன் பண்ணி ஏத்தி வச்சுக்கிட்டு கிளம்பிடலாம், லைன்ல நிக்கற வேலையே இல்ல. ஆனா இதுல பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் வரும், நம்பர் வராது. டாக்ஸி டிரைவர் கூப்பிடணும், அந்த ஊர் ஆப் எதையாவது ஓடிபி வாங்கித் திறக்கணும்னா, இல்ல ஒரு மாசத்துக்கு மேல தங்கறோம்னா, அந்த நாட்டு சிம்தான் சரி. அதையும் ஏர்போர்ட்ல வாங்கறத விட ஊருக்குள்ள கம்பெனியோட சொந்தக் கடைல வாங்கினா பெரும்பாலும் சல்லிசா இருக்கும். நான் இப்ப ரெண்டும் பண்றேன், இறங்கின அன்னைக்கு சமாளிக்க குட்டியா ஒரு இ-சிம், மறுநாள் நிதானமா கடைக்குப் போய் லோக்கல் சிம்.

கடைக்குப் போகும்போது ஒரிஜினல் பாஸ்போர்ட் கைல இருக்கணும், போட்டோ காப்பி செல்லாத இடம் நிறைய, ஏன்னா பல நாடுகள்ல சிம்ம ஆள் பேர்ல ரெஜிஸ்டர் பண்றது கட்டாயம், ஜெர்மனில 2017ல இருந்து ப்ரீபெய்டுக்கும் அடையாளம் காட்டணும். "பாஸ்போர்ட்லாம் வேணாம், ஏற்கனவே ஆக்டிவேட் ஆனது"ன்னு ரோட்டுல ஒருத்தர் நீட்டினா தொடாதீங்க, அது யார் பேர்ல இருக்கோ, என்னைக்கு கட் ஆகுமோ.

வாங்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி. வேலிடிட்டி இன்னைக்கே ஆரம்பிக்குமா, இல்ல முதல் தடவை நெட்வொர்க் புடிச்சதுல இருந்தா? ஹாட்ஸ்பாட் போடலாமா? அன்லிமிடெட்னா எத்தன ஜிபிக்கு அப்புறம் ஸ்பீட குறைப்பீங்க? (குறைக்காத அன்லிமிடெட்ட நான் இன்னும் பாத்ததில்ல.) பக்கத்து நாட்டுக்குப் போனா வேலை செய்யுமா? ஐரோப்பிய யூனியன்ல 2017 ஜூன்ல இருந்து ஒரு நாட்டு சிம்ம மத்த உறுப்பு நாடுகள்ல கூடுதல் ரோமிங் காசு இல்லாம ஓட்டலாம், ஆனா ரோமிங்ல குடுக்கற டேட்டா அளவு ப்ரீபெய்ட்ல கம்மியா இருக்கலாம், சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் அந்த விதிக்குள்ள வராது. ரயில்ல போகும்போது சுவிஸ் எல்லை எப்ப வந்துச்சுன்னே தெரியாது, போன்தான் சொல்லும்.

சிம் மாத்தும்போது ட்ரேய வெளிய தள்ள ஊக்கோட முனையே போதும், ஆனா பக்கத்துலயே மைக் ஓட்டையும் இருக்கும், அதுல குத்தி வைக்காதீங்க. கழட்டின உங்க சிம்ம பாஸ்போர்ட் கவர் உள்பக்கத்துல செலோடேப் போட்டு ஒட்டிடுங்க. நகம் அளவு பொருள், பர்ஸ்ல போட்டா திரும்பக் கிடைக்காது. புது சிம் ஒட்டி வந்த பெரிய அட்டையையும் தூக்கிப் போடாதீங்க. பின் நம்பரும் 8 இலக்க பியூகேவும் (பின் லாக் ஆயிட்டா திறக்கற நம்பர்) அதுலதான் இருக்கும், ஐரோப்பாவுல நிறைய சிம் பின் லாக்கோடயே வருது, மூணு தடவை தப்பா அடிச்சா பியூகே கேக்கும், பியூகேவையும் பத்து தடவை தப்பா அடிச்சா அந்த சிம் செத்துச்சு.

இப்ப கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டே வைஃபைய ஆஃப் பண்ணுங்க. பிரவுசர்ல இதுவரைக்கும் திறக்காத ஏதோ ஒரு பக்கத்தத் திறங்க. வரலையா? மொபைல் டேட்டாவுக்கு புது சிம்தான் செலக்ட் ஆகி இருக்கான்னு பாருங்க, ஒரு தடவை ஏரோப்ளேன் மோட் போட்டு எடுங்க, அப்பவும் வரலைன்னா ஏபிஎன்தான். சிம் தன்னோட கம்பெனி நெட்டுக்குள்ள எந்த வாசல் வழியா நுழையணும்னு சொல்ற ஒரு குட்டி செட்டிங் அது, பெரும்பாலும் தானா வந்துடும், வரலைன்னா அட்டைல போட்டிருக்கிறத எழுத்து மாறாம டைப் பண்ணனும். எனக்கு அன்னைக்கு அதுதான் காலி. கவுன்ட்டர்லயே கேட்டிருந்தா அரை நிமிஷ வேலை.

ரெண்டு சிம் ஒண்ணா ஓட்டறவங்க இதையும் கவனிங்க, காசு எகிர்றது இங்கதான். பேங்க் ஓடிபி வரணும்னு ஊர் சிம்ம ஆன்ல வச்சிருப்பீங்க, சரி, ஆனா அதுல டேட்டா ரோமிங் ஆஃப்ல இருக்கணும், கால் வந்தா எடுத்தாலே காசு போகலாம்கறதும் ஞாபகம் இருக்கணும். அதோட ஐபோன்ல அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்னு ஒண்ணு இருக்கு, புது சிம் டல்லானா போனே ஊர் சிம்முக்குத் தாவிடும், அதையும் ஆஃப் பண்ணுங்க, ஆண்ட்ராய்டுலயும் ஆட்டோ டேட்டா ஸ்விட்ச்னு சில மாடல்ல இருக்கு. இதுல குழப்பம் என்னன்னா டிராவல் இ-சிம் பெரும்பாலும் வேற ஒரு நாட்டுக் கம்பெனியோட சிம்மா இருக்கும், ரோமிங்லதான் ஓடும், அதனால அதுக்கு மட்டும் டேட்டா ரோமிங் ஆன்ல இருக்கணும். ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு "நெட் வரல"ன்னு திட்டறவங்க எக்கச்சக்கம்.

வாட்ஸப் நம்பர் மாத்தவான்னு கேட்டா மாத்த வேணாம்னு குடுங்க, பழைய நம்பர்லயே ஓடும். போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் ரெண்டையும் வைஃபைக்கு மட்டும்னு வச்சிடுங்க. மேப்பும் மெசேஜும் டேட்டாவ அவ்ளோவா தின்னாது, வீடியோதான் எமன், எச்டில ஒரு மணி நேரத்துக்கு 2, 3 ஜிபி வரைக்கும் போயிடும்.

சீனா போறவங்களுக்குத் தனியா ஒண்ணு. அங்க லோக்கல் சிம் வாங்கினா கூகுளும் வாட்ஸப்பும் திறக்காது, வெளிநாட்டு சிம் ரோமிங்ல இருந்தா பொதுவா திறக்கும், ஏன்னா டேட்டா அந்த சிம்மோட சொந்த நாட்டுக் கம்பெனி வழியா சுத்திட்டு வருது. துருக்கில நாலு மாசத்துக்கு மேல தங்கறவங்களுக்கு வேற சிக்கல், வெளிநாட்டு போன்ல அந்த ஊர் சிம் போட்டா 120 நாள்ல அந்த போனோட ஐஎம்ஈஐயவே பிளாக் பண்ணிடுவாங்க, பதிவு பண்ணி வரி கட்டணும்.

இ-சிம்ம ட்ரிப் முடியற வரைக்கும் டெலீட் பண்ணாதீங்க, பல கம்பெனில அதே க்யூஆர் ரெண்டாவது தடவை வேலை செய்யாது. திரும்பி வந்து ஊர் சிம்ம போட்டும் நெட் வரலைன்னா பதறாதீங்க, அந்த நாட்டு சிம்முக்காக ஐபோன்ல ஏபிஎன் ப்ரொஃபைல் ஏதாவது இன்ஸ்டால் பண்ணிருப்பீங்க, ஜெனரல்ல விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்குள்ள போய் அத எடுத்துட்டா வந்துடும்.