காவல் ஆணையரின் பணிக்காலத்தை எடைபோடும் முறை

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2012 முதல் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் காவல் மற்றும் குற்றத்தடுப்பு ஆணையரின் பணியை மதிப்பிட விரும்புவோர், அவர் வெளியிட்ட காவல் திட்டத்தையும் ஆண்டறிக்கைகளையும் அருகருகே வைத்து, சொன்னதில் எது நடந்தது என்று வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். உள்ளாட்சி வரியில் காவலுக்கென அவர் நிர்ணயித்த பங்கையும் பார்க்கவும்.

தலைமைக் கான்ஸ்டபிளை, அதாவது அந்தப் பகுதிக் காவல்துறையின் தலைமை அதிகாரியை, நியமிப்பதும் நீக்குவதும் அவர் கையில் உள்ள அதிகாரங்கள் என்பதால், அந்த முடிவுகளுக்கே நான் அதிக எடை தருவேன். யாரைக் கைது செய்வது என்று கட்டளையிட அவருக்கு உரிமையில்லை. ஆகவே குற்ற எண்ணிக்கையின் ஏற்றத்துக்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது அநீதி. இறுதியாக, அவரைக் கேள்வி கேட்கும் காவல் மற்றும் குற்றத்தடுப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் பொறுமையாக வாசியுங்கள்.