ஒலிவாங்கி முன் நிற்கும் கடைக்காரருக்கு

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடை நடத்துபவர் கல்லாவில் இருந்தால் நாள் முழுக்கப் பேசுவார். அவரையே வர்த்தகச் சங்கக் கூட்டத்தில் ஒலிவாங்கி முன் நிறுத்தினால் நா வறண்டுவிடும். பேச்சை வரிக்கு வரி மனப்பாடம் செய்வதுதான் பெரும்பாலும் வினை. ஒரு வரி மறந்தால் மொத்தமும் சரியும். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதிக்குத் துண்டுத்தாளில் மூன்று சொற்கள் போதும். "பெருமதிப்புக்குரிய" என்று மேடையில் உள்ள அத்தனை பேரையும் விளிப்பதை விட்டுவிடுங்கள்; அதற்குள் பாதிச் சபை தேநீருக்கு எழுந்துவிடும்.

பொருளைக் கையோடு கொண்டுபோங்கள். தேயிலை வியாபாரியானால் "தரமான தேயிலை" என்று முழங்குவதைவிட, இரண்டு கிண்ணங்களில் பி.ஓ.பி. என்னும் உடைந்த இலைத் தேயிலையையும் டஸ்ட் என்னும் பொடித் தேயிலையையும் காட்டி, தூள் பொடியாக இருப்பதால்தான் டஸ்ட்டில் சாயம் விரைவாக இறங்குகிறது என்று விளக்குங்கள். தெரிந்த விஷயத்தைக் காட்டிப் பேசும்போது நடுக்கம் தானே குறையும்.

சபையில் சிங்களம் பேசுவோரும் இருந்தால் வணக்கத்தையும் விலையையும் அவர்கள் மொழியிலும் சொல்லுங்கள். உச்சரிப்பு பிசகினாலும் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

முந்தைய இரவு கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள்.