மிஸ்டரி ஷாப்பிங் போன இடத்தில் டிப்ஸ் வைக்கலாமா? படிப்படியாக

மிஸ்டரி ஷாப்பிங் என்றால், சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குப் போய், சேவை எப்படி இருந்தது என்று ஏஜென்சிக்கு ரிப்போர்ட் எழுதித் தரும் வேலை. ஏஜென்சியில் பதிவு செய்வது, வேலை கேட்டு வாங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். சென்னையில் உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரன்டுக்கு ஆடிட், அதாவது இந்த ரகசியச் சோதனை, போனால் டிப்ஸ் வைப்பதா வேண்டாமா என்பதுதான் இங்கே விஷயம்.

வைக்கத்தான் வேண்டும். நாம் யாரென்று சர்வருக்குத் தெரியாது. மற்ற மேசைகளைப் போலவே நம் மேசைக்கும் ஓடி ஓடி வேலை பார்த்திருக்கிறார். நாம் வேலையாக வந்தோம் என்பதற்காக அவர் கைக்கு வருவது குறையக் கூடாது. அதோடு, வயிறார சாப்பிட்டுவிட்டு மீதிச் சில்லறையை வழித்து எடுத்துக்கொண்டு போகிறவர் முகம் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

படி 1: பிரீஃபை, அதாவது ஏஜென்சி தரும் வேலைக் குறிப்பைப் படியுங்கள். டிப்ஸ் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அதுதான் முடிவு. எதுவும் இல்லையென்றால் ஏஜென்சிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள், பணம் திரும்பி வரும் நேரத்தில் கையில் எழுத்து இருக்க வேண்டும்.

படி 2: கணக்குப் போடுங்கள். நம்மூரில் டிப்ஸ் பில்லில் ஏறாது. அதனால் பெரும்பாலும் அது உங்கள் கைக்காசு. உதாரணமாக, சாப்பாடு 840 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி 42, மொத்தம் 882. இது பில்லைக் காட்டினால் ஏஜென்சியிடமிருந்து திரும்பி வரும். டிப்ஸ் 50 வைத்தால், உங்களுக்குத் தரும் கட்டணம் 300 என்றால் மிஞ்சுவது 250. அது கட்டுப்படியாகாது என்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள். சர்வரின் ஐம்பது ரூபாயில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 3: சர்வீஸ் சார்ஜ். நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். பில்லில் தானாகச் சேர்த்து சர்வீஸ் சார்ஜ் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனாலும் சில பில்களில் அந்தக் கட்டணம் எட்டிப் பார்க்கிறது. சாதாரண நாளாக இருந்தால் எடுக்கச் சொல்லிவிடலாம். ஆடிட் அன்று மேனேஜர் வரைக்கும் பேச்சுப் போனால் மொத்த ஹாலும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் ரிப்போர்ட் யாருடையது என்பது அவர்களுக்கு விளங்கிவிடும். அதனால் கிளம்புவதற்கு முன்பே, 'சர்வீஸ் சார்ஜ் வந்தால் என்ன செய்ய?' என்று அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். பதில் வரவில்லையா? கட்டிவிட்டு, எவ்வளவு, கேட்காமலே போட்டார்களா என்பதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அதைக் கட்டிய பிறகு தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.

படி 4: ரொக்கமாகக் கொடுங்கள். சர்வரின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்யவே கூடாது என்பேன். உங்கள் பெயரும் நேரமும் அவர் போனில் நின்றுவிடும். நாலு நாள் கழித்து, 'இரவு எட்டே கால், ஜன்னலோர மேசை' என்று ரிப்போர்ட் வந்தால், ஆள் யாரென்று சேர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சோம்புத் தட்டோடு பில் அட்டை வந்ததும் முதலில் பில்லை எடுத்து பர்ஸில் வையுங்கள், அப்புறம் டிப்ஸை வையுங்கள். மாற்றிச் செய்தால் பில்லும் டிப்ஸோடு போய்விடும். பில் இல்லாமல் ஏஜென்சியிடம் பணம் பெயராது.

படி 5: ஆர்டர் எடுத்த நேரம், தட்டு வந்த நேரம், சிரித்தாரா, தண்ணீர் ஊற்றினாரா என்பதையெல்லாம் பில் கேட்பதற்கு முன்பே குறித்துவிடுங்கள். போன் நோட்ஸ் போதும், தனி ஆப் தேவையில்லை. சேவை மோசமாக இருந்தாலும் இருபது ரூபாயாவது வைப்பேன். குறையைச் சொல்ல ரிப்போர்ட் இருக்கிறது. நன்றாக இருந்தால் ஐநூறு வைக்கலாமா? வேண்டாம், அதுவும் கண்ணில் படும்.

சேர்க்கை: பெட்ரோல் பங்க், மொபைல் ஷோரூம், பாப்கார்ன் கவுன்ட்டருக்கு ஆடிட் போனால் என்ன செய்வது? அங்கெல்லாம் பொதுவாக யாரும் கொடுப்பதில்லை, நீங்களும் கொடுக்க வேண்டாம். சலூனில் கொடுங்கள். ஊழியர் 'வேண்டாம் சார், வாங்கக் கூடாது' என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர் மறுத்ததை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதுங்கள், அவருக்கு அது நல்ல பெயர்.