டீசல் வேனா, எலக்ட்ரிக் வேனா? கம்பெனி பெயரைப் பார்க்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஃபோர்டு ட்ரான்சிட் கஸ்டம், ஃபோக்ஸ்வேகன் ட்ரான்ஸ்போர்ட்டர், பெஜோ எக்ஸ்பர்ட் போன்றவைதான் நடுத்தர வேன்கள். சுமார் 5 மீட்டர் நீளம், ஐந்தாறு கன மீட்டர் சரக்கு இடம். இவை டீசலிலும் கிடைக்கின்றன, எலக்ட்ரிக்கிலும் கிடைக்கின்றன. எது வேண்டும் என்பதை உங்கள் லோடும் நீங்கள் ஓடும் தூரமும் முடிவு செய்யட்டும்.

படி 1: லோடை எடை போடுங்கள்

வண்டியின் மொத்த எடை வரம்பு கதவுப் பக்கத் தகட்டில் இருக்கும். அதிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. வரம்பு 3,100 கிலோ, காலி வண்டி 1,950 கிலோ என்றால் மிச்சம் 1,150. ஆனால் அது முழுதும் சரக்குக்கு இல்லை. முன்னால் உட்காரும் இரண்டு பேருக்கு 160 கிலோ, அலமாரிக்கும் கருவிகளுக்கும் 200 கிலோ போனால் நிற்பது 790தான். பேட்டரியே சில நூறு கிலோ கனக்கும் என்பதால், அதே மாடலின் எலக்ட்ரிக் வண்டி பெரும்பாலும் குறைவாகவே ஏற்றும். டைல்ஸ், சிமெண்ட் ஏற்றுபவருக்கு இது பெரிய விஷயம். பார்சல் ஏற்றுபவருக்கோ எடைக்கு முன்னால் இடம் தீர்ந்துவிடும்.

படி 2: உள்ளே டேப் வைத்து அளந்து பாருங்கள்

சுவருக்குச் சுவர் அளக்காதீர்கள். பின்சக்கர மேடுகளுக்கு நடுவே உள்ள அகலம்தான் கணக்கு. 1,220 மி.மீ. அகல ப்ளைவுட் தட்டையாகப் படுக்குமா என்பது அங்கேதான் தெரியும்.

படி 3: மோசமான நாளின் தூரத்தை எழுதுங்கள்

சராசரி நாள் ஏமாற்றும். அதிகம் ஓடும் நாளை எடுங்கள். 75 யூனிட் பேட்டரி, 100 கி.மீ.க்கு 30 யூனிட் செலவு என்று வைத்தால் 250 கி.மீ. வரும். ஐந்தில் ஒரு பங்கைக் கைவசம் வைத்துக்கொண்டால் 200. விளம்பரத்தில் உள்ள எண் ஆய்வகச் சோதனையில் வந்தது. குளிரும் நெடுஞ்சாலை வேகமும் அதைக் கணிசமாகக் குறைக்கும்.

7.4 கிலோவாட் சார்ஜரில் அந்த பேட்டரி நிரம்ப 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு இரவு போதும். இரவில் வண்டி நிற்கும் இடத்தில் சார்ஜர் போட வழியே இல்லையா? அப்படியானால் எலக்ட்ரிக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்றே சொல்வேன். தினமும் வேகச் சார்ஜரைத் தேடி ஓடுவது வேலை நேரத்தைத் தின்னும்.

படி 4: டீசலின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இன்றைய டீசல் வேன்களில் புகைக் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். அதற்கு எஞ்சின் சூடாகி, சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். இரண்டு தெரு ஓடி, நிறுத்தி, மறுபடி இரண்டு தெரு என்று போனால் எரிப்பு பாதியில் நின்று வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் கூடுவது நல்ல செய்தி இல்லை!

அப்புறம் ஆட்ப்ளூ, அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் யூரியாக் கரைசல். இதற்குத் தனித் தொட்டி உண்டு. தீர்ந்துபோனால், நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. மறதியாக டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் சாவியையே தொடாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஊருக்குள் நின்று நின்று போவதுதான் டீசலுக்கு ஆகாத வேலை. எலக்ட்ரிக்குக்கோ அதுவே பிடித்தது, வேகம் குறையும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். நாள் முழுக்க நெடுஞ்சாலை, பின்னால் டிரெய்லர் என்றால் தயங்காமல் டீசல்.

படி 5: லோடோடு ஓட்டிப் பாருங்கள்

காலி வேன் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். பழைய டீசல் என்றால், நீங்கள் வரும் முன் எஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். பழைய எலக்ட்ரிக் என்றால் பேட்டரியின் மிச்சத் திறனுக்கு அறிக்கை கேளுங்கள். பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் இருக்கும், அது உங்கள் பெயருக்கு மாறுமா என்றும் விசாரியுங்கள்.

படி 6: வாங்கிய பிறகு

லோடுக்கு ஒரு டயர் அழுத்தம், காலிக்கு ஒன்று; இரண்டும் கதவுத் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். கனமானதைத் தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால் வைத்துக் கட்டுங்கள். எலக்ட்ரிக்கில் பிரேக்குக்கு வேலை குறைவு, அதனால் டிஸ்க் துருப்பிடிக்கும். பின்னால் யாரும் வராத சாலையில் அவ்வப்போது நன்றாக அழுத்திப் பிடியுங்கள். பக்கவாட்டுக் கதவு ஓடும் தடத்தில் சேரும் மண்ணைத் துடைத்துவிடுங்கள், எந்த வேனிலும் அதிகம் உழைப்பது அந்தக் கதவுதான்.